துறைக்கு முதல் இணையதளமா? முதலில் கவுண்டரில் போய் உட்காருங்கள்

சென்னையில் ஓர் உள்ளாட்சித் துறைக்கு முதன்முதலாகத் தனி இணையதளம் திட்டமிட்டபோது, வெளியிலிருந்து ஆலோசனை சொல்லும் ஆளாக நான் இருந்தேன். துறையின் பெயர் வேண்டாம். உரிமம் கொடுப்பது, புதுப்பிப்பது, ஆய்வுக்குப் போவது, புகார் வாங்குவது என்று எல்லா ஊரிலும் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. அதுவரை மேல் அமைப்பின் தளத்தில் அவர்களுக்கென்று ஒரே ஒரு பக்கம் இருந்தது, அதில் ஒரு தொலைபேசி எண், அடித்தால் யாரும் எடுக்காத எண். இப்போது வேறு சில அலுவலகங்களிலும் இதே வேலை தொடங்கியிருப்பதால் தெரிந்தவர்கள் கூப்பிட்டு "முதல்ல என்ன பண்ணணும் சார்" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதல் கூட்டம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த இடமெல்லாம் ஒரே மாதிரிதான். முகப்பில் யார் யார் படம், எந்த வரிசையில், எந்த அளவில். ஓடும் எழுத்து மேலே வேண்டுமா கீழே வேண்டுமா. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பெட்டி. திறப்பு விழா எந்தத் தேதி. இதற்காகச் சண்டை போடாதீர்கள். படங்களுக்கு என்ன வரிசை என்று மேலிடத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதில் வாதாடி ஜெயித்தாலும் மனுவோடு வருகிறவருக்கு ஒரு பயனும் இல்லை.

நான் கேட்டது கவுண்டருக்குப் பின்னால் சில நாளைக்கு ஒரு நாற்காலி. சூப்பிரண்டு சிரித்துவிட்டார். "தம்பி, அங்க கூட்டத்தைத் தவிர என்ன இருக்கு? டிசைன் எப்ப காட்டுவீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். இருந்தாலும் நாற்காலி போட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர்.

அங்கே வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான்: எங்கள் தெரு எந்த அலுவலகத்தில் வரும், என்னென்ன காகிதம் வேண்டும், எவ்வளவு பணம், அதை எப்படிக் கட்டுவது, போன மாதம் கொடுத்த மனு எங்கே நிற்கிறது, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார் இன்றைக்கு இருப்பாரா. துறையின் தொலைநோக்கு என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஆனால் என்னிடம் கொடுக்கப்பட்ட பக்கப் பட்டியலில் தொலைநோக்கு, குறிக்கோள், வரலாறு, படத்தொகுப்பு எல்லாம் இருந்தன, மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இடம் இல்லை. கவுண்டரில் இருந்த உதவியாளர் மேடம் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், எந்த எண்ணில் கூப்பிட்டால் உண்மையிலேயே எடுப்பார்கள் என்று வருடக்கணக்கில் சேர்த்து எழுதியது. அதை அவர் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். தளத்தின் முதல் வரைவு அதிலிருந்துதான் வந்தது, எந்த ஆலோசனைக் கூட்டத்திலிருந்தும் இல்லை. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு நோட்டு கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இதில் எங்களை அதிகம் வேலை வாங்கியது முதல் கேள்விதான், "எங்கள் தெரு எந்த அலுவலகம்". வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2011இல் சென்னையின் எல்லை விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின, 10 மண்டலங்கள் 15 ஆயின. அம்பத்தூர், மாதவரம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கமெல்லாம் அப்போது உள்ளே வந்தவை. பழைய ரசீதில் இருக்கும் வார்டு எண்ணை நம்பிப் போனால் வேறு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். வார்டு எண் தெரிந்து வருகிறவரே குறைவு; தெருப் பெயர், பக்கத்தில் இருக்கும் கோவில் அல்லது பஸ் ஸ்டாப், அதற்கு மேல் "பழைய எண் 14, புதிய எண் 27" என்று இரட்டை எண், இதுதான் நம் ஊரில் விலாசம். சில தெருக்களில் இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு வார்டு. போட்டி போட்டுக்கொண்டு அழகான வரைபடம் காட்ட வந்த நிறுவனங்கள் எல்லாம் வார்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் தொடங்கின. வார்டு எண் தெரிந்திருந்தால் அவர் ஏன் தேடப் போகிறார்?

அதனால் தெருப் பெயரை அடித்தால் அலுவலகம், விலாசம், வேலை நேரம், அந்தப் பகுதி பொறுப்பாளரின் அலுவலக எண், இவை வரும் ஒரே ஒரு பக்கத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கச் சொன்னேன். தெருப் பட்டியல் வரி வசூல் பார்க்கும் பிரிவில் எக்செல்லில் கிடைத்தது. அதில் ஒரே தெரு ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்டிருந்தது, தமிழில் சிலதுக்குப் பெயரே இல்லை, 'முதல் குறுக்குத் தெரு' என்று மட்டும் போட்டு எந்த நகர் என்று சொல்லாமல் விட்டவை ஏராளம். இதைச் சரிபார்க்க கணினி ஆள் போதாது, தெருத் தெருவாக நடக்கிற வரி வசூலிப்பாளர்கள்தான் வேண்டும். அவர்களுடைய வாராந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, மண்டலம் மண்டலமாக அச்செடுத்துக் கொடுத்து, சிவப்பு மையில் திருத்தித் தரச் சொன்னோம். கணினியில் திருத்தச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் வந்திருக்காது.

இதோடு ஒட்டிய இன்னொரு பக்கம், "இவை எங்கள் வேலை இல்லை" என்ற பக்கம். (தலைப்பை மேலிடம் கொஞ்சம் மரியாதையாக மாற்றியது, அது வேறு கதை.) குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கு மெட்ரோ வாட்டர், பட்டாவுக்குத் தாலுகா அலுவலகம், பெரிய கட்டடங்களின் திட்ட அனுமதிக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), கரண்டுக்கு மின்வாரியம் என்று சென்னையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். தவறான வாசலில் வரிசையில் நின்று, முறை வந்ததும் "இங்க இல்லம்மா" என்று கேட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் இந்தப் பக்கம் ஏன் தேவை என்று புரியும். எழுத ஒரு மதியம் போதும், செலவும் இல்லை. கவுண்டர்காரர்கள் சந்தோஷப்பட்டது தளத்தில் இந்தப் பக்கத்துக்காகத்தான்.

அடுத்தது உள்ளே எதைப் போடுவது. "அதெல்லாம் வெளியே போடலாமா, மேல கேக்கணுமே" என்று ஒவ்வொரு பிரிவிலும் தயங்குவார்கள். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் பிரிவு 4(1)(பி) 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது: அலுவலக அமைப்பு, அதிகாரிகளின் கடமையும் அதிகாரமும், முடிவெடுக்கும் நடைமுறை, பின்பற்றும் விதிகள், ஊழியர் பட்டியலும் மாதச் சம்பளமும், பட்ஜெட், உரிமம் அனுமதி பெற்றவர்களின் விவரம், பொதுத் தகவல் அலுவலரின் பெயர் இப்படி. சட்டம் வந்த 120 நாளுக்குள் செய்திருக்க வேண்டியது. எல்லா அலுவலகத்திலும் இது ஒரு கையேடாகப் பீரோவில் இருக்கும், அதில் இருக்கும் பெயர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். பரவாயில்லை. 'இணையதளத்துக்குத் தகவல் கொடுங்கள்' என்று கேட்டால் வராதது, 'இந்தக் கையேட்டைப் புதுப்பித்துக் கொடுங்கள், சட்டப்படி தேவை' என்று குறிப்பு வைத்தால் வந்துவிடுகிறது. மக்கள் மனுப் போட்டுக் கேட்க வேண்டிய தேவையே குறைய வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது, மனுக்களுக்குப் பதில் எழுதிச் சலித்துப்போன செக்‌ஷனில் இதைச் சொன்னால் முகம் மலரும்.

வந்த தகவல் எந்த எழுத்துருவில் வந்தது என்பது தனித் தலைவலி. ஒருங்குறி (யூனிகோட்), டேஸ்16 என்ற இரண்டு தமிழ் எழுத்துக் குறியாக்கங்களைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணை போட்டது 2010இல். ஆனால் அலுவலகக் கணினிகளில் வானவில் அவ்வையார் என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் மலையாகக் கிடக்கின்றன. அதை அப்படியே எடுத்து ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கந்தல்தான் தெரியும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் ஒரே கோப்பில் நடுவில் ஆங்கிலச் சொல்லோ எண்ணோ வந்தால் அதையும் சேர்த்து மாற்றிக் குதறிவிடும். பட்டியல்களில், குறிப்பாகக் கட்டணப் பட்டியலில், கட்டாயம் ஒருவர் மூலத்தோடு வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். தட்டச்சுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள், அந்த மனிதர் கண்டுபிடித்த பிழைகளை எந்த மென்பொருளும் கண்டுபிடித்திருக்காது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் பற்றியும் சொல்ல வேண்டும். நகல் எடுத்து, நகலின் நகல் எடுத்து, சாய்வாக ஸ்கேன் செய்த படிவத்தை ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது படம்தான், அதில் எழுத்து இல்லை. தேடினால் கிடைக்காது, போனில் திறந்தால் படிக்க முடியாது, பார்வையில்லாதவருக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மௌனமாக இருக்கும். அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009இலிருந்து இருக்கின்றன, 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற உலகளாவிய இணைய அணுகல் நெறியின் இரண்டாம் நிலைத் (ஏஏ) தரத்தைக் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வேறு இருக்கிறது. இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பிறகு வேறொரு பிரிவில் வேலை பார்க்கும் பார்வையில்லாத ஊழியர் ஒருவரை அழைத்து, அவர் போனிலேயே மாதிரித் தளத்தைத் திறக்கச் சொன்னோம். விண்ணப்பப் பக்கத்தில் அவர் விரலை நகர்த்த நகர்த்தப் போன் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எந்தப் பட்டன் எதற்கு என்று அது சொல்லவில்லை. "சார், இதுல எது அழுத்தினா பணம் போகும்?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் தளம் கட்டிய நிறுவனத்துக்காரர்களிடம் நாங்கள் யாரும் விதி எண் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய ஆணைகளை எல்லாம் தட்டச்சு செய்ய ஆள் கிடையாது என்பது உண்மை. அதனால் ஸ்கேன் எது இருந்தாலும் அதற்கு மேலே தேதி, எண், யாருக்குப் பொருந்தும், என்ன சொல்கிறது என்று நாலு வரியாவது தட்டச்சில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். படிவங்களை மட்டும் எல்லாவற்றையும் புதிதாக அடித்தோம்.

பெயர் விஷயத்தில் ஒரே வார்த்தை: கவ்.இன் (gov.in) என்று முடியும் அரசு முகவரிதான் வாங்க வேண்டும், அதைப் பதிவு செய்து தருவது என்.ஐ.சி. என்ற மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம். பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், ஆகவே முதல் வாரத்திலேயே கடிதத்தை அனுப்பிவிடுங்கள். 'இப்போதைக்கு' என்று சொல்லி ஒப்பந்தக்காரர் தன் பெயரில் ஒரு டாட் காம் வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்க ஆளில்லாமல் போய், அந்த முகவரியை வேறு யாரோ எடுத்துச் சூதாட்ட விளம்பரம் ஓட்டினால், துண்டுப் பிரசுரத்திலும் சுவர் எழுத்திலும் போன அச்சை யார் அழிப்பது? மின்னஞ்சலும் அப்படியே, ஆளின் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் வாங்குங்கள்.

எங்கே வைப்பது என்பதில் இரண்டு வழி. என்.ஐ.சி. தரும் எஸ்3வாஸ் என்ற ஆயத்தச் சேவை இருக்கிறது. மாவட்டத் தளங்கள் எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கிறதே என்று நீங்கள் நினைத்திருந்தால் காரணம் அதுதான். தகவல் பக்கங்கள் மட்டும் போதும் என்றால் தயங்காமல் அதை எடுங்கள், பாதுகாப்பும் அணுகல் தரமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும், அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். எங்களுக்குத் தெருத் தேடலும் மனு நிலையும் வேண்டியிருந்ததால் தனியாகக் கட்ட வேண்டியதாயிற்று. அப்படிக் கட்டினால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளரிடம் பாதுகாப்புத் தணிக்கை செய்து சான்று வாங்காமல் அரசுத் தரவு மையத்தில் ஏற்ற முடியாது. தணிக்கை ஒரே சுற்றில் முடியாது: குறை சொல்வார்கள், நிறுவனம் திருத்தும், மறுபடி பார்ப்பார்கள். திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு இதைத் தொடங்குகிறவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. மறுதணிக்கைக்கு யார் பணம் கொடுப்பது என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

டெண்டர் என்றதும் இன்னொன்று. 'உள்ளடக்கம் துறையால் வழங்கப்படும்' என்று ஒரு வரி எல்லா ஒப்பந்தத்திலும் சத்தமில்லாமல் இருக்கும். அந்த ஒரு வரிக்குள்தான் பாதி வேலை ஒளிந்திருக்கிறது. எழுதுவது, மாற்றுவது, மொழிபெயர்ப்பது, பிழை பார்ப்பது, எதற்கும் நிறுவனம் விலை போட்டிருக்காது, துறையிலும் ஆள் இருக்காது, தளம் 'விரைவில்' என்ற பலகையோடு நிற்கும். எத்தனை பக்கம், இரண்டு மொழியிலும் யார் எழுதுவது என்பதைத் தனி இனமாக விலை கேளுங்கள். மூல நிரலும் எல்லாக் கடவுச்சொற்களும் துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், அது நடந்த பிறகே கடைசித் தவணை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ரொம்பப் பிடிவாதமாக இருந்தது பக்கத்துக்கு ஒரு சீட், அதாவது அலுவலகத்தில் ஒரு பணி இருக்கை, என்பதில். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பு யார் என்று ஆளின் பெயரைப் போடக் கூடாது, இடமாறுதல் ஆணை வந்தால் அவர் போய்விடுவார். 'பி2 சீட்' என்று இருக்கையின் பெயரைப் போட வேண்டும். அது அலுவலகத்தின் பணிப்பங்கீட்டு ஆணையிலேயே ஏற வேண்டும், அப்போதுதான் புதிதாக வருகிறவர் பொறுப்பேற்கும்போது பதிவேடுகளோடு அந்தப் பக்கங்களும் அவர் கைக்குப் போகும். தொலைபேசி எண், வேலை நேரம், விடுமுறை அறிவிப்பு போன்றவற்றைச் சூப்பிரண்டு அளவிலேயே மாற்றலாம், கட்டணமும் விதியும் மட்டும் கோப்பில் ஒப்புதல் பெற்று மாற வேண்டும் என்று இரண்டாகப் பிரித்தோம். பிரிக்காவிட்டால் போன் நம்பர் மாற்றுவதற்குக்கூடக் கோப்பு ஆணையர் வரை போய்த் திரும்பும், அதற்குள் அந்த எண்ணும் மாறியிருக்கும். 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்பதைக் கணினி தானாகப் போடக் கூடாது, சீட்டில் இருப்பவர் பார்த்து உறுதி செய்த நாளாக இருக்க வேண்டும். கட்டணம் தளத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும், படிவத்திலோ கேள்வி பதிலிலோ தொகையைத் திரும்ப எழுதக் கூடாது, 'கட்டணப் பக்கம் பார்க்க' என்று மட்டும் சொல்லலாம். ஒரே உரிமத்துக்குப் பழைய பலகையில் ஒரு தொகை, படிவத்தில் ஒரு தொகை, கவுண்டரில் ஒரு தொகை என்று இருந்தால் அங்கே என்ன சண்டை நடக்கும் என்று நான் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

புகார்ப் பெட்டி வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுவார்கள். முதல் கட்டத்தில் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. புகார் சொல்ல மாநகராட்சிக்கு 1913 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, முதல்வர் உதவி மையத்துக்கு 1100 இருக்கிறது. இதற்கு மேல் நீங்கள் ஒரு பெட்டி வைத்து அதைத் திறந்து பார்க்க ஆள் போடாவிட்டால், புகார் கொடுத்தவர் கொடுத்தாயிற்று என்று நம்பிக் காத்திருப்பார். பெட்டி இல்லாமலிருப்பதே மேல். ஆதார் நகலை ஏற்றச் சொல்லும் ஆசையும் இப்படித்தான், எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டுமே" என்பார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. தேவையில்லாததை வாங்காதீர்கள், வாங்கினால் காப்பாற்ற வேண்டியதும் நீங்கள்தான்.

சென்னைக்காரர்கள் மழையை மறந்து எதையும் திட்டமிட முடியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்: கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, சிக்னல் ஒரு கோடு. அந்த நேரத்தில் முகப்பில் ஐந்து பெரிய படங்கள் மாறி மாறி ஓடினால் யாருக்கு உபயோகம்? அவசர நேரத்தில் ஒரே சொடுக்கில் படங்கள் எல்லாம் மறைந்து, வெறும் எழுத்தில் நாலு எண்ணும் இரண்டு அறிவிப்பும் மட்டும் தெரியும் முகப்பு ஒன்றைத் தயாராக வைக்கச் சொன்னோம். அதை இயக்கும் உரிமை இரவுப் பணியில் இருப்பவரிடம் இருக்க வேண்டும், அவருக்கு அவருடைய போனிலிருந்தே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். செப்டம்பரிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டால் நல்லது. புளியந்தோப்பில் ஒரு டீக்கடையில் பழைய போனை வைத்துக்கொண்டு திறந்து பார்த்தோம். அலுவலக வைஃபையில் பார்த்துவிட்டு வேகமாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

திறப்பு விழா எப்படியும் நடக்கும், நடக்கட்டும். அதற்குச் சில வாரம் முன்பே கவுண்டர் ஊழியர்களுக்குத் தளத்தைக் கொடுத்துவிட்டோம். வருகிறவர் கேட்கும் கேள்விக்குத் தளத்தைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும், கிடைக்காவிட்டால் ஒரு துண்டுத் தாளில் குறித்துப் பெட்டியில் போட வேண்டும். முதல் வாரத் துண்டுத் தாள்களில் பெரும்பாலானவை தெருப் பெயர்கள், அப்புறம் "மதிய சாப்பாட்டு நேரம் எப்ப" என்பது. வேலை நேரத்தைப் போட்டோமே தவிர ஒன்றரை மணிக்கு வெயிலில் வந்து சாத்தின கவுண்டரைப் பார்க்கிறவரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, அன்றைக்கே சேர்த்தோம்.

இப்போது மொபைல் செயலி வேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது, கூடவே தளத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் பேசும் பொம்மை (சாட்பாட்) ஒன்றும் வேண்டுமாம். தெருப் பட்டியலில் சில வார்டுகளின் சிவப்பு மைத் திருத்தம் இன்னும் ஏற்றப்படாமல் இருக்கிறது, அது முடியட்டும் சார் என்று சொல்லியிருக்கிறேன்.